வயசுக்கு ஏத்த உடுப்பா, உடம்புக்கு ஏத்த உடுப்பா?

கேள்வி: எனக்கு 59 வயது. கரூரில் ஆசிரியையாக இருக்கிறேன், அடுத்த வருஷம் ஓய்வு. இத்தனை காலமும் புடவைதான். இப்போது முழங்கால் வலி. பஸ் படி ஏறும்போது கொசுவம் தடுக்குகிறது. மகள் குர்தாவும் பேன்ட்டும் எடுக்கச் சொல்கிறாள். நாத்தனாரோ, "பேரன் எடுத்த வயசுல இதெல்லாம் தேவையா அண்ணி?" என்கிறாள். ஜவுளிக்கடைக்குப் போனால், "உங்களுக்கு இதுதாம்மா எடுப்பா இருக்கும்" என்று சாம்பலும் சந்தனமுமாகவே எடுத்துப் போடுகிறார்கள். வயதுக்கு ஏற்ற உடை என்று நிஜமாகவே ஒன்று இருக்கிறதா?

பதில்: கடைக்காரருக்கு இருக்கிறது. நாள் முழுக்கச் சேலை விரித்து மடிக்கிறவர், ஆள் உள்ளே நுழையும்போதே எந்த அடுக்கில் கைவைப்பது என்று முடிவு செய்துவிடுவார். அவருக்கு நேரம் மிச்சம், அவ்வளவுதான். "அந்த அரக்கு கலரை எடுங்க" என்று நீங்களே கை காட்டுங்கள், மறுபேச்சில்லாமல் எடுத்துப் போடுவார்.

வெளிர் நிறம்தான் வயதுக்கு அழகு என்பது ஊர் வழக்கமும் இல்லை. செட்டிநாட்டு ஆச்சிகள் உடுத்திய கண்டாங்கியைப் பாருங்கள்: அரக்கும் மஞ்சளும் கறுப்புமாகப் பெரிய பெரிய கட்டங்கள். கிழவி ஆனதும் அதைக் கழற்றிப் போட்டுவிடவில்லை. வயதானவளுக்கு வெளுத்த நிறம் என்கிற பேச்சில், கணவனை இழந்தவளுக்கு வெள்ளைப் புடவை என்று ஒதுக்கிவைத்த பழைய வழக்கத்தின் வாடை அடிப்பதாகவே எனக்குப் படுகிறது. நாத்தனாரிடம் இதையும் சொல்லுங்கள்: 2019-ல் தமிழக அரசு தலைமைச் செயலக ஊழியர்களுக்குப் போட்ட உடை உத்தரவிலேயே பெண்களுக்குப் புடவையோடு சுடிதாரும் இருக்கிறது, துப்பட்டாவோடு.

வயதுக்காக எதையும் மாற்ற வேண்டாம். உடம்புக்காகச் சிலதை மாற்றத்தான் வேண்டும். அதில் முதலாவது, யாரும் கண்டுகொள்ளாத பாவாடை நாடா. மெல்லிய நாடாவை வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் இறுக்கி முடிந்தால் தோல் கறுத்து, தடித்து, அரிக்கும். அப்படி உராய்ந்து உராய்ந்து ஆறாத புண்ணாகிக் கடைசியில் தோல் புற்றுநோயில் கொண்டுவிட்ட வயதான பெண்கள் இருவரைப் பற்றி இந்திய மருத்துவர்கள் 2024-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார்கள். அபூர்வம்தான், பயந்துவிட வேண்டாம். ஆனால் அகலப் பட்டி வைத்த பாவாடையாக வாங்குங்கள். முடிச்சைத் தினமும் ஒரே இடத்தில் போடாதீர்கள். இடுப்பில் ஆறாத புண் இருந்தால் களிம்பு தடவிக்கொண்டு இருக்காமல் தோல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அடுத்தது ஜாக்கெட். தோள்பட்டை பிடித்துக்கொள்கிற வயதில் பின்பக்க கொக்கியோடு மல்லுக்கட்டுவானேன்? முன்கொக்கி வைக்கச் சொல்லுங்கள். ஓரத் தையலில் துணி கொஞ்சம் தாராளமாக விடச் சொன்னால் இரண்டு சுற்றுப் பெருத்தாலும் பிரித்து விட்டுக்கொள்ளலாம். திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வேர்க்கிற தொந்தரவு உள்ளவர்கள் பாலியஸ்டர் லைனிங்கைத் தவிர்த்துக் காட்டன் லைனிங் கேளுங்கள்; வித்தியாசம் மத்தியானமே தெரியும்.

குர்தா விஷயத்தில் எக்ஸெல், டபுள் எக்ஸெல் என்கிற எழுத்தை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும். நன்றாகப் பொருந்துகிற பழைய சட்டை ஒன்றைத் தரையில் விரித்து, அக்குளிலிருந்து அக்குள் வரை டேப் வைத்து அளந்து குறித்துக்கொண்டு போங்கள். டிரையல் ரூமில் கண்ணாடி முன் நின்று பார்த்தால் மட்டும் போதாது. உட்காருங்கள், கையைத் தூக்கி பஸ் கம்பியைப் பிடிப்பதுபோல் நில்லுங்கள். கைக்குழி இறுக்கினால் எவ்வளவு அழகாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பேன்ட் பாதத்துக்குக் கீழே இழுபடக் கூடாது. கொசுவத்துக்குப் பயந்து பேன்ட்டில் தடுக்கி விழுந்தால் என்ன லாபம்? பாக்கெட் உள்ளதாகக் கிடைத்தால் விடாதீர்கள்.

புடவையை விட்டுவிட வேண்டும் என்றும் இல்லை. வழுக்காத காட்டன் புடவையைக் கணுக்கால் தெரிகிற உயரத்தில் கட்டினால் பாதிப் பிரச்சினை தீரும்.

கேள்வி: அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் வருகிறது. அம்மாவுக்கு நல்ல காஞ்சிபுரம் பட்டு எடுக்க ஆசை. "கனம் தாங்க முடியல, வேண்டாம்" என்கிறார். 'சாஃப்ட் சில்க்' எடுத்தால் ஏமாந்துபோவோமா?

பதில்: அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஜரிகை நிறைந்த முகூர்த்தப் பட்டு ஒரு கிலோவை நெருங்கலாம். ஹோமப் புகையில் மணிக்கணக்கில் அதோடு உட்காரப்போவது அவர்தான். சின்ன பார்டர், புடவையின் உடல் பகுதியில் ஜரிகை குறைவு என்று கேளுங்கள், எடை நன்றாகக் குறையும்.

'சாஃப்ட் சில்க்' என்ற பெயரில் சுத்தப் பட்டும் விற்கிறார்கள், பாலியஸ்டரும் விற்கிறார்கள். 'சில்க் மார்க்' அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அது பட்டு சுத்தமா என்பதற்குத்தான் உத்தரவாதம். ஜரிகையில் எவ்வளவு வெள்ளி, எவ்வளவு தங்கம் என்பதை அது சொல்லாது. அதைத் தனியாகக் கேட்டுப் பில்லில் எழுதி வாங்குங்கள். முந்தானை ஓரத்து நூல் ஒன்றைப் பிய்த்துக் கொளுத்தினால், பட்டாக இருந்தால் முடி கருகும் நாற்றம் அடித்து, கையில் தேய்க்கத் தூளாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும்.

கேள்வி: "விற்ற துணி மாற்றித் தரப்பட மாட்டாது" என்று பில்லில் அச்சடித்திருக்கிறார்கள். முதல் துவைப்பிலேயே சாயம் போய்விட்டது. கேட்க முடியாதா?

பதில்: கேட்கலாம். பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுப்பதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. பில்லில் போட்டிருக்கும் கெடுவுக்குள் கேட்க வேண்டும். கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள். கலர் பிடிக்கவில்லை, சைஸ் சேரவில்லை என்பதெல்லாம் பழுதில் வராது; அது கடைக்காரர் மனசு வைத்தால்தான். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். பளபளப்பான தாளில் வரும் மெஷின் பில் சில மாதத்தில் எழுத்தே தெரியாமல் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.