டெல்லி கணேஷ் 400 படங்களுக்கு மேல் நடித்தும் கதாநாயகனாக நிலைக்காதது தோல்விதானே?

இல்லை. 'தோல்வி' என்ற சொல்லைக் கண்ட பிறகு பதில் எழுதாமல் கடந்துபோக என்னால் முடியவில்லை. கேள்வியின் தொனியைப் பார்த்தால், நீங்களும் ஏதோ ஒரு நாடகக் குழுவில் அப்பா, மாமா வேடங்களையே ஏற்று மனம் சலித்தவர் என்று தோன்றுகிறது. அப்படியானால் நான் பட்டது உங்களுக்குப் பயன்படும்.

முதலில் அவரைப் பற்றி. 1944இல் வல்லநாட்டில் பிறந்தவர், 1964 முதல் 1974 வரை இந்திய விமானப்படையில் பணியாற்றினார். டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவில் நடித்த காலமே அவர் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. கே. பாலசந்தர் 'பட்டினப் பிரவேசம்' படத்தில் அறிமுகப்படுத்தியபோது அவர் முப்பதைக் கடந்திருந்தார். 1981இல் 'எங்கம்மா மகாராணி'யில் கதாநாயகனாகவும் நடித்தார். ஆகவே அந்த வாய்ப்பே கிடைக்காதவர் என்பதும் சரியன்று. 'பசி'யில் சென்னைக் குடிசைப் பகுதியின் ரிக்‌ஷாக்காரத் தந்தையாக நடித்துத் தமிழக அரசின் சிறப்புப் பரிசைப் பெற்றவர்தான், 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில் பாலக்காட்டுத் தமிழ் பேசும் சமையற்காரர் மணி ஐயர். நெல்லைச் சீமையில் பிறந்த ஒருவர் இவ்விரண்டு பேச்சையும் சொந்தப் பேச்சாக்கிக்கொள்ள எவ்வளவு காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

நடிப்பைப் பற்றிப் பேச உனக்கென்ன தகுதி என்று சிலர் கேட்கக்கூடும். நான் திரைத்துறையைச் சேர்ந்தவன் அல்லன். திருச்சியில் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதிக்கொண்டு, மாலை நேரங்களில் அமெச்சூர் நாடகக் குழு ஒன்றில் இருபது ஆண்டுகள் நடித்தவன், அவ்வளவே.

1987இன் இறுதியில் ஒரு குடும்ப நாடகத்துக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. எனக்கு அப்போது 29 வயது; தலையில் பவுடரைத் தடவி, என்னைவிட மூன்று வயது மூத்த கதாநாயகனுக்கு என்னை அப்பாவாக ஆக்கியிருந்தார்கள். வீட்டை அடமானம் வைத்துவிட்டதை மகன் தன் மனைவியிடம் ஒப்புக்கொள்ளும் காட்சியில், நான்கு நிமிடங்கள் எனக்கு ஒரு வசனமும் கிடையாது. "நீங்க ஊஞ்சல்ல உக்காந்து காபி குடிச்சிட்டிருந்தா போதும் சார்" என்றார் இயக்குநர். அன்றிரவு வீட்டுக்கு வந்து, இனி அந்தப் பக்கமே போவதில்லை என்று மனைவியிடம் சொன்னேன்.

அந்தத் தீபாவளிக்கு வெளிவந்திருந்த 'நாயகன்' படத்தை அந்த வாரம்தான் பார்த்தேன். இந்தி தெரியாத வேலு நாயக்கருக்காக மொழிபெயர்க்கும் ஐயராக டெல்லி கணேஷ் நடித்திருந்தார். எதிராளியின் சொல் முதலில் அவருடைய கண்ணில் விழுந்து, அங்கே ஒரு கணம் அச்சமாக நின்று, அதன் பிறகே தமிழாக வெளிவந்தது. மறுநாளும் போய், கமல்ஹாசனை விட்டுவிட்டு அவரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாடகம் அரங்கேறிய அன்று, ஊஞ்சலில் அமர்ந்து காபியை ஆற்றிக்கொண்டிருந்த நான், 'அடமானம்' என்ற சொல் காதில் விழுந்ததும் கையை நிறுத்தினேன். டம்ளர் உயர்த்திய இடத்திலேயே நின்றது. பிறகு டபராவிலிருந்த காபியைக் குடிக்காமல் மெல்லக் கீழே வைத்தேன். வேறொன்றும் செய்யவில்லை. அரங்கில் பேச்சுச் சத்தம் அடங்கிப்போனதை என் உடம்பே உணர்ந்தது.

இடைவேளையில் கதாநாயகனாக நடித்தவர், தம்முடைய காட்சியை நான் கெடுத்துவிட்டதாகச் சண்டைக்கு வந்தார். அடுத்த முறை மேடையேறியபோது காபி இல்லை; ஊஞ்சலையும் ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் வந்த விமர்சனத்தில் நான் 'மற்றும் பல'ரில் ஒருவனாக இருந்தேன். பொறாமையால் எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டா. கதாநாயகனின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. எதிரில் இருப்பவர் உண்மையாகக் கேட்டால்தான் அவர் பேசுவது வசனமாகும் என்பதை மட்டுமே சொல்கிறேன்.

2024 நவம்பர் 9 அன்று டெல்லி கணேஷ் தம் எண்பதாவது வயதில் மறைந்தபோது, விமானப்படையினர் வந்து தங்கள் கொடியைப் போர்த்தி மரியாதை செய்தார்கள். பத்தாண்டுகள் மட்டுமே தங்களோடு இருந்தவரை அவர்கள் நினைவில் வைத்திருந்தார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் திரையிலும், 'மர்மதேசம்', 'கஸ்தூரி' போன்ற தொடர்களின் வழியாக நம் வீட்டுக் கூடத்திலும் இருந்தவரை நாம் 'நகைச்சுவை நடிகர்' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

'சிந்து பைரவி' உங்களுக்குக் கிடைத்தால் மீண்டும் பாருங்கள். அதில் அவர் மிருதங்கக்காரர் குருமூர்த்தி. குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வந்தார் என்பதற்காகப் படத்தின் நாயகனான பாடகர் ஜே.கே.பி. அவரை வெளியேற்றும் இடத்தில், பேசுகிறவரை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பவரைக் கவனியுங்கள்.