இவர் எந்தச் சாமி? சென்னைக் கோயில்களுக்குப் புதியவர்கள் கேட்ட கேள்விகள்

மயிலாப்பூர்க்காரி நான். கோயிலுக்குப் புதிதாக வருகிறவர்களைக் கூட்டிப்போய்ச் சந்நிதி சந்நிதியாகக் காட்டுவது எனக்குப் பிடித்த வேலை. இந்தத் தடவை வந்த கேள்விகளும் பதில்களும் இதோ.

கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்தவள் நான். கல்யாணமாகி மயிலாப்பூர் வந்திருக்கிறேன். மாமியாரோடு கபாலீஸ்வரர் கோயிலுக்குப் போனால் எந்தச் சந்நிதியில் யார் என்றே தெரியவில்லை அம்மா. எங்கே ஆரம்பிக்கட்டும்?

பெயர்ப் பட்டியலை மனப்பாடம் பண்ணாதீர்கள்மா. முதலில் சாமியின் கையைப் பாருங்கள். சங்கு சக்கரம் இருந்தால் பெருமாள், மானும் மழுவும் இருந்தால் சிவன், வேல் இருந்தால் முருகன். கை தெரியாத அளவுக்கு அலங்காரம் செய்திருந்தால் திரும்பி எதிரே பாருங்கள். நந்தி உட்கார்ந்திருந்தால் சிவன், கருடன் என்றால் பெருமாள், மயில் என்றால் முருகன், மூஞ்சூறு என்றால் பிள்ளையார்.

அப்புறம் கருவறையின் வெளிச்சுவரைச் சுற்றி வாருங்கள். பெரும்பாலான சிவன் கோயில்களில் தெற்குச் சுவர் மாடத்தில் தட்சிணாமூர்த்தி, பின்சுவரில் லிங்கோத்பவர், வடக்குச் சுவரில் துர்க்கை. கபாலீஸ்வரர் மேற்கு பார்த்தவர் என்பதால் இங்கே வலம் வரும்போது வடக்குச் சுவர் முதலில் வரும். கிழக்கு பார்த்த கோயிலில் தெற்குச் சுவர்தான் முதலில் வரும். இந்த ஒரு கணக்கு பிடிபட்டால் எந்த ஊர்ச் சிவன் கோயிலிலும் தடுமாற மாட்டீர்கள்.

லிங்கோத்பவர் முன்னால் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் நில்லுங்கள். அடிமுடி காணாத நெருப்புத் தூணாகச் சிவன் நின்ற கதை அந்த ஒரே கல்லில் இருக்கிறது. மேலே அன்னமாகப் பறப்பவர் பிரம்மா, கீழே வராகமாக மண்ணைத் தோண்டிப் போகிறவர் திருமால். கோயிலை விட்டுக் கிளம்பும் முன் புன்னை மரத்தடிக்கும் போங்கள். அம்பாள் மயிலாக வந்து லிங்கத்தைப் பூஜித்த இடம் அது.

வியாழக்கிழமை தட்சிணாமூர்த்திக்குக் கொண்டைக்கடலை மாலை போடுகிறார்களே, அவர்தான் குரு பகவானா?

இல்லை தம்பி. நவக்கிரகத்தில் இருக்கும் குரு வேறு, அவர் பிரகஸ்பதி. தட்சிணாமூர்த்தி, ஆலமரத்தடியில் மௌனமாக இருந்தே சனகர் முதலான முனிவர்களுக்கு உபதேசம் செய்த சிவன். இருவரையும் குழப்பிக்கொள்வது இப்போது ரொம்பவே பரவிவிட்டது. குருப்பெயர்ச்சி பரிகாரம் என்று மட்டும் அவரிடம் போய் நின்றால், அந்தச் சின்முத்திரையையும், காலடியில் கிடக்கும் முயலகன் என்ற அசுரனையும் பார்க்காமலே வந்துவிடுவோமே என்று எனக்கு வருத்தம்.

சண்டிகேஸ்வரர் முன்னால் கை தட்ட வேண்டுமா? நூல் பிரித்துப் போடுகிறார்களே?

நூல் போட வேண்டாம். அவர் தியானத்தில் இருப்பவர், சத்தமாகத் தட்டவும் வேண்டாம். சிவன் சொத்து எதையும் எடுத்துப் போகவில்லை என்று இரண்டு கையையும் மெதுவாகத் துடைத்துக் காட்டினால் போதும்.

ஆபீஸில் கொல்கத்தாத் தோழி ஒருத்தி, லட்சுமியும் சரஸ்வதியும் துர்க்கையின் பெண்கள் என்கிறாள். வடக்கே முருகனுக்குக் கல்யாணமே ஆகவில்லையாம். யார் சொல்வது சரி, மேடம்?

அவரவர் ஊரில் அவரவர் சொல்வது சரி. வங்காளத்தில் துர்க்கா பூஜைக்கு அம்மா பிறந்த வீட்டுக்கு வருகிறாள். லட்சுமி, சரஸ்வதி, கணேஷ், கார்த்திக் நாலு பேரும் பிள்ளைகளாகக் கூடவே வருவார்கள். நமக்கோ லட்சுமி திருமாலின் தேவி, சரஸ்வதி பிரம்மாவின் தேவி. மகாராஷ்டிரம் போன்ற இடங்களில் கார்த்திகேயர் பிரம்மச்சாரி. நம் முருகனுக்கு வள்ளியும் தெய்வானையும் இரு பக்கம். இங்கே பிள்ளையார் அண்ணன், வடக்கே பல இடங்களில் அவர் தம்பி. அதிலும் நம் முருகனுக்குத் தமிழ் மண்ணிலேயே தனி வேர் உண்டு. குறிஞ்சி நிலத்தின் தெய்வம் சேயோன் என்று தொல்காப்பியமே சொல்கிறது. குறவர் பெண் வள்ளியை மணந்தவர் இந்த மலைக்காரர்தான். தோழியிடம் வாதாடாதீர்கள், அவள் ஊர்க் கதையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

திருவல்லிக்கேணியில் பெருமாளுக்கு மீசை இருக்கிறதே?

ஆமாம், அவர் வேங்கடகிருஷ்ணன், அர்ஜுனனுக்குத் தேரோட்டிய கோலம். போரில் ஆயுதம் எடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தவர் என்பதால் கையில் சங்கு மட்டும்தான், சக்கரம் கிடையாது. ருக்மிணி, பலராமன், சாத்யகி, மகன், பேரன் எல்லோரும் கூடவே இருக்கிறார்கள். அடுத்த முறை உற்சவர், அதாவது வீதியுலா வரும் மூர்த்தியான பார்த்தசாரதியின் முகத்தைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். பீஷ்மரின் அம்பு பட்ட தழும்புகள் தெரியும். பக்தனுக்காக வாங்கிய காயத்தை மறைக்காமல் வைத்திருக்கும் அந்த முகத்தைப் பார்த்தால், கீதை எதுவும் படித்திராதவருக்கும் கண்ணன் யார் என்று தெரிந்துவிடும்.

தெருவுக்குத் தெரு அம்மன் இருக்கிறாளே, எல்லாம் பார்வதிதானா?

அப்படிச் சொல்வோர் உண்டு. நான் அவசரப்பட்டு அப்படிச் சொல்ல மாட்டேன். மயிலாப்பூர் முண்டகக்கண்ணி அம்மன் கருவறைக்கு மேல் கோபுரம் போன்ற விமானம் கிடையாது, ஓலைக் கூரைதான். வாசலில் பொங்கல் வைக்கிறவர்களுக்கு அவள் இந்த ஊர்த் தாய். அம்மை போட்டால் ஓடி வருகிறவள். அவளை அவள் பெயராலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

கடவுள் ஒன்றா, பலவா?

திருமாலைப் பாடிய பொய்கையாழ்வார் பதில் சொல்லிவிட்டார்: "தமர் உகந்தது எவ்வுருவம் அவ்வுருவம் தானே." அன்பர்கள் விரும்பும் உருவம் எதுவோ அதுவே அவன் உருவம்.

நான் இந்து இல்லை. கோயிலுக்குள் போகத் தயக்கமாக இருக்கிறது. எங்கே பார்த்துக் கற்றுக்கொள்வது?

கபாலீஸ்வரர் கோயில் பிராகாரத்தில் தாராளமாக நடக்கலாம், கருவறைப் பக்கம் மட்டும் போக முடியாது. சில கோயில்களில் கொடிமரத்துக்கு அப்பால் இந்துக்கள் மட்டும் என்று பலகை இருக்கும். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் அவசியம் போங்கள். கோயிலில் உற்சவரைப் பட்டும் பூவும் மூடியிருக்கும், அங்கே முழு வடிவத்தையும் பார்க்கலாம். திருவாலங்காட்டு நடராஜர் அங்கேதான் இருக்கிறார். வலப்பக்க மேல் கையில் உடுக்கை, இடப்பக்க மேல் கையில் நெருப்பு. இன்னொரு வலக்கை அஞ்சாதே என்கிறது, இன்னொரு இடக்கை தூக்கிய பாதத்தைக் காட்டுகிறது. பிறகு அங்கேயே இருக்கும் திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரரிடம் போங்கள். ஒரு பாதி ஆண், ஒரு பாதி பெண். முன்னால் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், பக்கவாட்டிலும் போய் நின்று பாருங்கள்.