மாமன் போட்ட கையெழுத்து

கேள்வி: மலேசியாவில், பகாவ் வட்டாரத்தில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் 22 ஆண்டுகளாக மேற்பார்வையாளராக இருக்கிறேன். அக்காள் மகனை நான்தான் அங்கே வேலைக்குச் சேர்த்தேன். சென்ற மாதம், குலைகளை அவிக்கும் ஸ்டெரிலைசரின் கதவைத் திறந்தபோது கொதிநீர் பாய்ந்து அவனுடைய வலது கை வெந்துவிட்டது. அழுத்தமானியின் முள் பூஜ்யத்தில் இருந்ததைப் பார்த்துத்தான் திறந்தேன் என்கிறான். பாதுகாப்புப் பயிற்சி நாளில் ஆள் பற்றாக்குறை, அவனை அனுப்பவில்லை. அதனால் வருகைத் தாளில் அவனுக்காக நானே கையெழுத்திட்டிருந்தேன். பையன் இன்னும் கவனமாக இருந்திருக்கலாம். அக்காள் என்னோடு பேசுவதில்லை. அவரை எப்படிச் சமாதானப்படுத்துவது?

பதில்: அக்காளின் கோபம் இருக்கட்டும். ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்களே, அந்தக் கையெழுத்தைப் பற்றிப் பேசுவோம். எதில் கவனமாக இருக்கவேண்டும் என்று அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? சுமார் 3 பார் அழுத்தத்தில், ஏறத்தாழ 140 டிகிரி வெப்பத்தில் குலைகள் அவியும் அந்தக் கலனில், முள் பூஜ்யத்துக்கு இறங்கிய பிறகும், அடியிலுள்ள வடிகுழாயை உதிரிப் பழங்களும் நாரும் அடைத்திருந்தால் கொதிநீர் உள்ளேயே தேங்கி நிற்கும். பையன் முள்ளைக் கவனமாகத்தான் பார்த்திருக்கிறான். நீர் முழுவதும் வடிந்ததா என்று பார்க்கவேண்டும் என்பது கற்றவனுக்குத்தான் தெரியும். 22 ஆண்டுகள் அங்கே நின்ற உங்களுக்குத் தெரியும்.

1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் பயிற்சியையும் மேற்பார்வையையும் முதலாளியின் கடமையாக்கியிருக்கிறது. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம், அதை மீறினால் விதிக்கப்படும் அபராதத்தின் உச்சவரம்பை 50,000 ரிங்கிட்டிலிருந்து 5 லட்சமாக உயர்த்தியதோடு, உடனடி ஆபத்தைக் கண்ட தொழிலாளி அவ்விடத்தைவிட்டு விலகும் உரிமையையும் தந்தது. ஆபத்து எதுவென்றே அறியாதவனுக்கு அந்த உரிமையால் என்ன பயன்?

தாய்மாமன் என்பதால்தான் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன். காது குத்தும்போது பிள்ளையை மடியில் வைத்துப் பிடித்துக்கொள்வது மாமனின் உரிமை. வலிக்காமல் பார்த்துக்கொள்வார் என்று நம்பித்தான் தாய் பிள்ளையைக் கொடுக்கிறாள். அதே நம்பிக்கையில்தான் உங்கள் அக்காள் அவனை ஆலைக்கு அனுப்பினார்.

அந்தக் கையெழுத்து உங்களுடையது என்று நிர்வாகத்திடம் எழுத்து மூலம் ஒப்புக்கொள்ளுங்கள். வேலையே போனாலும் ஒப்புக்கொள்ளுங்கள். சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) மனுவுக்கு வேண்டிய தாள்களுக்காக அவனோடு நீங்களே அலையுங்கள். பிறகு அக்காள் வீட்டுக்குப் போய், பையனின் கவனத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், செய்ததைச் சொல்லுங்கள். அதன்பின் பேசுவதும் பேசாதிருப்பதும் அவர் விருப்பம்.

அதற்கெல்லாம் முன்பாக, நாளைக் காலை வேலை தொடங்குமுன், அந்த வருகைத் தாளில் இன்னும் யார் யாருக்காக நீங்கள் கையெழுத்திட்டிருக்கிறீர்கள் என்று பார்த்து, அவர்களைக் கதவருகிலிருந்து விலக்கி நிறுத்துங்கள்.