'பெர்ஃபங்டரி' பாராட்டுச் சொல் அல்ல

கேள்வி: சிங்கப்பூரில், ஜூரோங்கில் ஒரு ஷிப்யார்டில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருக்கிறேன். இந்த ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் என் சோதனைகள் 'பெர்ஃபங்டரி' என்று எழுதியிருக்கிறார்கள். 'பெர்ஃபெக்ட்' மாதிரி நல்ல சொல்தான் என்று சொல்லி, ஏஜென்ட் அதை ரெசுமேயிலும் சேர்த்துவிட்டார். சரிதானா?

பதில்: அந்த வரியை இன்றே எடுத்துவிடுங்கள். கடனே என்று, ஒப்புக்குச் செய்வதைத்தான் 'பெர்ஃபங்டரி' என்பார்கள். கடமையைச் செய்து கழிப்பதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் இது. 'பெர்ஃபெக்ட்' வேறு வேர். முன்னால் வரும் 'பெர்' மட்டும்தான் பொது.

'கேர்லெஸ்' என்றால் கவனக்குறைவு, வேலையே விட்டுப்போகலாம். இங்கே வேலை முடிந்திருக்கும், மனம்தான் அதில் இருந்திருக்காது. பாதுகாப்புக் கயிற்றைத் தொட்டே பார்க்காமல், படிவத்தில் பன்னிரண்டு கட்டத்திலும் ஒரே மூச்சில் டிக் போடுவதை நினைத்துப் பாருங்கள். மேலே ஏறுபவரின் உயிர் அந்தக் கயிற்றில் இருக்கிறது. அதனால் இதைச் சின்னக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வேலையைப் பற்றிச் சொன்னால் இது குறைதான். ஒரே ஒரு விலக்கு உண்டு. காலையில் அடுக்குமாடி புளோக் லிஃப்டில் பக்கத்து வீட்டுக்காரர் லேசாகத் தலையசைக்கிறார். அதையும் 'பெர்ஃபங்டரி' என்று சொல்லலாம், அதில் திட்டு இல்லை. அந்த இடத்துக்கு அவ்வளவு போதும். அதே தலையசைப்பை, சண்டை போட்டுவிட்டு மன்னிப்புக் கேட்க வந்தவர் செய்தால்? அப்போது குறைதான். ஆக, எவ்வளவு மனம் வைக்க வேண்டிய இடம் என்று பார்க்க வேண்டும்.

இந்த ஏஜென்ட் விஷயத்தில் எச்சரிக்கையாக இருங்கள். பொருள் தெரியாத பெரிய சொற்களைத் தூவிவிட்டுக் காசு வாங்குகிறவர்களால் நேர்காணலில் மாட்டிக்கொண்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். வேலை தேடித் தரும் ஏஜென்சி உங்களிடம் ஒப்பந்தத்தின் ஓராண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் வரைதான் வாங்கலாம். எத்தனை ஆண்டானாலும் 2 மாதச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. உரிமம் இருக்கிறதா என்று மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்றும் மனதை அறுக்கிறது. இந்த நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் தமிழும் ஒன்று. ஒருவருடைய சம்பள உயர்வைத் தீர்மானிக்கும் தாளில் இப்படியொரு சொல்லை எழுதுகிறவர்கள், கையெழுத்து வாங்குமுன் பொருள் சொல்ல ஐந்து நிமிடம் ஒதுக்கக் கூடாதா?

மேலதிகாரியிடம் போய், எந்தத் தேதிச் சோதனை, எந்த இடம் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். ரெசுமேயில் இந்தச் சொல்லுக்குப் பதில் 'தரோ' என்று போடலாம்; எதையும் விடாமல் முழுமையாகச் செய்பவர் என்று பொருள். ஆனால் அந்தச் சோதனைகளைச் சரிசெய்த பிறகு போடுங்கள்.