அடுப்படி: விறகடுப்புக்கு அனுமதி வேண்டுமா?

அக்கா, பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுக் கான்கிரீட் வீடு கட்டுகிறோம். சம்பா அரிசிச் சோறு வேக வைக்கவும் குளிக்க வெந்நீர் போடவும் பின்பக்கம் ஒரு விறகடுப்பு வேண்டும் என்பது என் ஆசை, மாமியாருடைய ஆசையும் அதுதான். சொந்தத் தோட்டத்தில் ரப்பர் விறகு இருக்கிறது. கொத்தனாரோ, "விறகடுப்பை பிளானில் காட்டினால் தனி அனுமதி கேட்பார்கள். வீடு முடிந்த பிறகு ஷீட் போட்டு ஒதுக்கிக்கொள்ளலாம்" என்கிறார். என்ன செய்வது?
*- வாசகி, குலசேகரம்*

அடுப்புக்கென்று தனி அனுமதி தமிழ்நாட்டில் கிடையாது, தங்கையே. அனுமதி கட்டடத்துக்குத்தான். வீடு முடிந்த பிறகு மதிலை ஒட்டி ஷீட் போட்டு ஒதுக்குகிற அறைதான் பிளானில் இல்லாத கட்டடமாகிவிடும். பக்கவாட்டில் காலியாக விட வேண்டிய இடத்தையும் அது தின்றுவிடும். கொத்தனார் எதைத் தொல்லை என்று தள்ளிப் போடச் சொல்கிறாரோ, அதை இப்போதே செய்துவிடுவதுதான் உங்களுக்குத் தொல்லையில்லாத வழி.

2024 ஜூலை முதல் சுயசான்று முறை வந்திருக்கிறது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு என்றால் ஆன்லைனில் வரைபடத்தோடு விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தி அனுமதி பெறலாம். அலுவலர் வந்து பார்க்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் வரைபடத்தில் உள்ளபடிதான் கட்டுவேன் என்று கையெழுத்துப் போடுவது நீங்கள். அதனால் ஒர்க் ஏரியாவையும் (பின்பக்க வேலை அறை) அடுப்புத் திட்டையும் புகைபோக்கியையும் இப்போதே வரையச் சொல்லுங்கள். மனை அதைவிடப் பெரிதென்றால் வழக்கமான முறையில் விண்ணப்பிக்க வேண்டும். அதிலும் அடுப்பு ஒரு தடையே அல்ல.

நான் மன்றாடிக் கேட்பது புகைபோக்கியைப் பற்றி. நம் குமரி மாவட்டத்தில் புது வீடுகளுக்குப் போனால் முன்னறையில் தேக்குக் கதவு, சமையலறையில் கிரானைட், பின்னால் போனால் தாழ்ந்த ஷீட்டுக்கு அடியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒரு பெண். வீட்டிலேயே அதிக நேரம் ஒருவர் நின்று வேலை செய்கிற இடத்துக்குத்தான் கடைசிக் காசு ஒதுக்கப்படுகிறது. இதை நான் எத்தனை வீடுகளில் பார்த்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை. வீட்டுக்குள் எரிபொருள் புகையால் 2020இல் உலகம் முழுவதும் ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. மாரடைப்பும் பக்கவாதமும்கூட அந்தக் கணக்கில் உண்டு. இருமலோடு நிற்கிற விஷயம் அல்ல இது.

சூடான புகை மேலே எழும். குழாய் உயரமாகவும் நேராகவும் இருந்தால் அந்த எழுச்சியே அடுப்பு வாயிலிருந்து காற்றை இழுக்கும். அந்த இழுப்பு இருந்தால் தீ ஊதாமலே எரியும். குழாயைப் படுக்கையாக ஜன்னல் உயரத்தில் சுவர் வழியே வெளியே நீட்டி, சன்ஷேடுக்கு அடியில் முடித்துவிடுகிறார்கள் சிலர். அதில் இழுப்பே இருக்காது, புகை சுருண்டு அதே ஜன்னல் வழியாக உள்ளே வரும். ஆகவே கூரையைத் துளைத்துத்தான் மேலே போக வேண்டும். கான்கிரீட் போடும் அன்றே குழாயைவிடப் பெரிய துளை விட்டுவிடுங்கள். துளையைச் சுற்றி மாடியில் ஒரு செங்கல் உயரத்துக்குக் கட்டுக் கட்டினால் மழைநீர் உள்ளே இறங்காது. பிறகு தளத்தை உடைத்துத் துளை போட்டால் கம்பி அறுபடும், காலமெல்லாம் ஒழுகும்.

இரண்டு வாய் அடுப்புக்கு 4 அங்குலத்துக்குக் குறையாத குழாய் வேண்டும், பெரிய வார்ப்புப் பாத்திரம் வைப்பீர்கள் என்றால் 6 அங்குலம். வளைவு தவிர்க்க முடியாவிட்டால் முழங்கை மடக்கினாற்போல் வேண்டாம், சாய்வாகத் திருப்புங்கள். சுட்ட மண் குழாய், இரும்புக் குழாய், செங்கல் கூண்டு எதுவும் சரி. பி.வி.சி. குழாய் கூடவே கூடாது, அது உருகி எரியும். ஆஸ்பெஸ்டாஸ் குழாயும் வேண்டாம். அடியில் கரியைத் தட்டி எடுக்க மூடியோடு ஒரு திறப்பு கட்டாயம் வேண்டும். மத்திய அரசின் மேம்படுத்தப்பட்ட அடுப்புத் திட்டத்தில் பயிற்சி எடுத்து நான் அடுப்பு கட்டப் பழகினேன். 1980களில் தொடங்கி 2002இல் நின்றுபோன திட்டம் அது. அடுப்பு நல்ல அடுப்புதான். கட்டிக் கொடுத்ததோடு சரி, அடைத்துக்கொண்ட குழாயைத் திறந்து பார்க்க ஆள் இல்லாததால்தான் பல வீடுகளில் அது மூலையில் கிடந்தது. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கம் உருவாக்கிய பரிஷத் அடுப்பு நம் எல்லையோர ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். அதையோ, கடையில் கிடைக்கிற வார்ப்பு அடுப்பையோ வாங்கி வைத்தாலும் குழாய்க்கு நான் சொன்னது எல்லாம் பொருந்தும்.

இன்னும் ஒன்று. கேஸ் சிலிண்டரை இந்த அறையில் வைக்காதீர்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு பரவும். விறகடுப்பின் வாய் இருப்பதும் அங்கேதான். அதேபோல விறகடுப்பு எரியும்போது அதே அறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டு, கதவு ஜன்னலைச் சாத்தினால், ஃபேன் புகைபோக்கிக்குள் போன புகையையே திரும்ப இழுத்துவிடும். ஒரு ஜன்னல் எப்போதும் திறந்திருக்கட்டும்.

மண் அடுப்பு என்றால் கட்டிய அன்றே கொழுந்துவிட்டு எரிக்க வேண்டாம். நிழலில் உலரவிட்டு, முதல் சில நாட்கள் சிரட்டையும் சுள்ளியும் போட்டுச் சிறு தீயில் காய விடுங்கள். அதன் பிறகு ஒரு சோதனை. காய்ந்த ஓலைக் கீற்றைப் பற்ற வைத்து அணைத்து, புகைகிற நுனியை அடுப்பு வாயருகே பிடியுங்கள். புகை நூல்போல வளைந்து உள்ளே போனால் அடுப்பு தயார். மேலே எழும்பி உங்கள் முகத்துக்கு வந்தால் கொத்தனாருக்கு மிச்சக் கூலியைக் கொடுக்காமல் குழாயைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் புகைபோக்கி இருக்கிறது. மற்ற மாதங்களில் நன்றாக இழுக்கும். ஆனி, ஆடி மாதங்களில் மட்டும் புகை குழாய் வழியாகவே வீட்டுக்குள் திரும்பி வருகிறது. ஏன்?
*- வாசகர், ஆரல்வாய்மொழி*

உங்கள் ஊர்க் காற்றைத்தான் முப்பந்தலில் காற்றாலைகள் மின்சாரமாக்குகின்றன. கணவாய் வழியாக நெருக்கிக்கொண்டு வரும் தென்மேற்குப் பருவக்காற்று உங்கள் மாடிப்படி அறையிலோ பக்கத்து வீட்டு மாடியிலோ மோதி, ஏறி, மறுபக்கம் கீழ்நோக்கிச் சரியும். அந்தச் சரிவுக்குள் உங்கள் குழாயின் வாய் இருந்தால் காற்று குழாய்க்குள் இறங்கும், புகை எங்கே போகும்?

கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து 3 அடியாவது குழாய் உயர வேண்டும். சுற்றிலும் 10 அடிக்குள் இருக்கிற எந்தச் சுவர், கூரை முகட்டையும்விட 2 அடி உயர்ந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் பின்பற்றும் அளவு இது, ஆரல்வாய்மொழிக்கும் நன்றாகவே பொருந்தும். தண்ணீர்த் தொட்டியையும் இந்தக் கணக்கில் சேருங்கள், பலர் அதை மறந்துவிடுகிறார்கள். உயர்த்திய குழாயை நான்கு பக்கமும் கம்பியால் இழுத்துக் கட்டுங்கள், உங்கள் காற்றுக்கு வெறும் குழாய் நிற்காது. உச்சியில் பக்கவாட்டில் திறந்த தொப்பி போதும். தொப்பிக்கும் குழாய் வாய்க்கும் நடுவே இடைவெளி தாராளமாக இருக்கட்டும். மழைக்குப் பயந்து அமுக்கி மூடினால் இழுப்பு செத்துவிடும்.

மகள் அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் இருக்கிறாள். பனிக்காலத்துக்கு வீட்டைச் சூடாக்க இரும்பு விறகடுப்பு வாங்கப் போகிறார்களாம். நகராட்சியில் அனுமதி வாங்கி, ஆய்வாளர் வந்து பார்த்த பிறகுதான் பற்ற வைக்கலாமாம். நம் வீட்டில் நாம் தீ மூட்டுவதற்கு இன்னொருவர் வந்து பார்ப்பதா? மருமகனோ அனுமதி இல்லாமலே பொருத்தலாம் என்கிறார்.
*- வாசகர், கருங்கல்*

ஐயா, மருமகனை அனுமதி வாங்கச் சொல்லுங்கள். அங்கே வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டத்தில் நிற்பவை. நம் வீட்டில் அடுப்புக்குப் பின்னால் செங்கல் சுவர். அங்கே பூச்சுப் பலகைக்குப் பின்னால் மரம். அடுப்பின் வெப்பம் நாள்தோறும் அந்த மரத்தை உலர்த்தி உலர்த்தி, பல வருடம் கழித்து ஒரு குளிர்கால இரவில் தீப்பிடிக்க வைக்கலாம், தீக்கொழுந்து படாமலே. இதனால்தான் அங்கே இடைவெளிக்கு அவ்வளவு கண்டிப்பு. ஆய்வகத்தில் சோதித்துச் சான்று பெறாத அடுப்பு என்றால் எரியக்கூடிய எதிலிருந்தும் 36 அங்குலம் தள்ளி நிற்க வேண்டும். சான்று பெற்றது என்றால் அதன் கையேட்டில் அச்சிட்ட இடைவெளி போதும், அது பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். கையேட்டைத் தொலைக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள், ஆய்வாளர் முதலில் கேட்பது அதைத்தான். அடுப்புக்கு அடியிலும், கதவுப் பக்கம் 18 அங்குலம் வரையிலும் தீப்பிடிக்காத தளம் வேண்டும், கனல் தெறிப்பது அங்கேதான்.

வாங்கும்போது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் சான்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2020 மே முதல் அங்கே விற்கும் புதிய அடுப்பு மணிக்கு 2 கிராமுக்கு மேல் புகைத்துகள் விடக்கூடாது, பிளந்த விறகால் சோதித்ததென்றால் 2.5 கிராம். தெரிந்தவர் வீட்டுப் பழைய அடுப்பு மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் அனுமதியில் சிக்கல் வரலாம். வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அனுமதி இல்லாத அடுப்பால் தீ வந்தால் இழப்பீடு கேட்கும்போது அந்தக் காகிதத்தைத்தான் தேடுவார்கள்.

உங்கள் கேள்வியில் இருக்கிற வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் குளிருக்கு எல்லாக் கதவையும் சாத்திக்கொண்டு, பேரப்பிள்ளைகள் உறங்குகிற வீட்டில் இரவெல்லாம் எரியப் போகிற தீ அது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவருக்குத் தெரியாது. அதற்கான அலாரம் வேலை செய்கிறதா என்று ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போவதை நான் உபகாரமாகவே நினைக்கிறேன். நம் ஊரிலும் அப்படி ஒருவர் வந்து, "குழாய் எங்கே, ஜன்னல் எங்கே" என்று கேட்டால் எத்தனை தாய்மார்களுக்கு நிம்மதியாக இருக்கும்!

விறகுக்காக எங்கள் தோட்டத்தில் நிற்கும் மரத்தை வெட்டலாமா?
*- வாசகர், திருவட்டார்*

பட்டா நிலம் என்பதாலேயே வெட்டிவிட முடியாது. 1949ஆம் ஆண்டுத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட நிலமென்றால் கலெக்டர் தலைமையிலான குழுவின் அனுமதி வேண்டும். மலையோரக் கிராமம் என்றால் வெட்டும் முன் வி.ஏ.ஓ.விடமும் வனச்சரக அலுவலகத்திலும் கேட்டுவிடுங்கள். காப்புக்காட்டிலிருந்து விறகு எடுப்பது குற்றம். அடுப்புக்கு மரம்தான் வேண்டும் என்றும் இல்லை. மட்டை, கொதும்பு (தென்னம்பாளை), சிரட்டை, காய்ந்த மரச்சீனிக் (மரவள்ளி) கம்பு என்று ஒரு தென்னந்தோப்பும் கிழங்குத் தோட்டமும் தருவதே ஒரு குடும்பத்து வெந்நீருக்குப் பெரும்பாலும் போதும்.

மழைக்காலத்தில் புகைக்குழாயின் இணைப்பிலிருந்து கறுப்பாக எண்ணெய்போல ஏதோ சுவரில் ஒழுகுகிறது. துடைத்தால் போவதில்லை, நாற்றமும் தாங்கவில்லை. குழாயில் ஓட்டையா?
*- வாசகி, தக்கலை*

ஓட்டை இல்லை, ஈர விறகு. பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீராகவே இருக்கும். தீயின் சூடு அந்தத் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். எரியாத புகை குளிர்ந்த குழாயில் படிந்து தாராக மாறுகிறது. நீங்கள் பார்ப்பது அதுதான். சுவர் அசிங்கமாவது சின்ன விஷயம். குழாய்க்குள் அது கெட்டியாகப் படிந்தால் ஒருநாள் அதுவே தீப்பிடித்து எரியும்.

விறகை மாசி, பங்குனியிலேயே பிளந்து, தரையில் படாமல் இரண்டு கட்டையின் மேல் அடுக்குங்கள். மேலே மட்டும் மூடுங்கள், பக்கத்தில் காற்று ஓடட்டும். தார்ப்பாயால் சுற்றிக் கட்டினால் உள்ளேயே புழுங்கும். காய்ந்த விறகின் வெட்டுமுகத்தில் வெடிப்பு தெரியும், இரண்டைத் தட்டினால் கணீரென்று கேட்கும். ஈர விறகு தீயில் வைத்ததும் மறுமுனையில் நுரை தள்ளிச் சீறும். ரப்பர் விறகை மட்டும் வருடக் கணக்கில் சேர்த்து வைக்க வேண்டாம், உளுத்து மாவாகிவிடும். அடுப்புக்கு மேலே பரண் கட்டி விறகு உலர்த்துகிற பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் நிறுத்திவிடுங்கள். ஒரு தீப்பொறி போதும்.

இப்போது படிந்திருப்பதை எடுக்க, அடுப்பு முழுக்க ஆறிய பிறகு, மூங்கில் கழியின் நுனியில் கதம்பலை (தேங்காய் உரிமட்டை) இறுகக் கட்டி மேலிருந்து கீழாக இழுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கும் முன் ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு முன் ஒரு தடவை. அன்றாடம் இரண்டு வேளை எரிகிற அடுப்பு என்றால் மாதம் ஒரு தடவை அடித்திறப்பைத் திறந்து பாருங்கள். ஒரு விரல் கனத்துக்குக் கரி விழுந்திருந்தால் அன்றே துடைத்துவிடுங்கள்.