இருபது தப்படி தூரம்: வாசகர் கேள்வி – பதில்

தான்சானியாவில் வேட்டை முகாம் ஒன்றில் வண்டி மெக்கானிக்காக இருந்தேன் என்று போன இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. கடலூர் முதுநகர் துறைமுகத்தில், படகு இன்ஜின் வேலைக்கு நடுவே எல்லாவற்றையும் படித்துவிட்டேன். இந்த மாதம் வேறு பேச்சு வேண்டாம், இதையே பேசிவிடுவோம்.

“வெள்ளைக்காரர்கள் ஆப்பிரிக்கக் காட்டெருமையைப் பக்கத்தில் போய்ச் சுடுகிற வீடியோக்களைப் பார்க்கிறேன். பார்க்கும்போது எனக்கே ரத்தம் சூடாகிறது. பிறகு வெட்கமாகவும் இருக்கிறது. அது வீரமா, கொலையா? நீங்கள் நேரில் பார்த்தவர், சொல்லுங்கள்.” – கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை

தம்பி, ரத்தம் சூடாவதற்கு வெட்கப்பட வேண்டாம். எனக்கும் ஆயிற்று. அதை மறைத்துவிட்டு நியாயம் பேசினால் அந்த நியாயம் நிற்காது.

செலூஸ் வனத்தில், ருஃபிஜி ஆற்றுக்குத் தெற்கே எங்கள் முகாம். 1994 முதல் பதினோரு பருவம் அங்கே இருந்தேன். நம் முதுமலையில் நிற்கும் காட்டுமாடு வேறு, இது வேறு. இந்தக் கடாவின் இரண்டு கொம்பும் அடியில் பருத்து, நெற்றி மேல் ஒட்டி, இரும்புத் தொப்பி கவிழ்த்த மாதிரி இருக்கும். எண்ணூறு கிலோ வரை போகும். அங்கே அதற்கு ‘ம்போகோ’ என்று பெயர். மந்தையை விட்டு ஒதுங்கி, முதுகெல்லாம் சேறு காய்ந்து திரிகிற கிழட்டுக் கடாக்களைத்தான் நல்ல வேட்டைக்காரர்கள் தேடுவார்கள். இனப்பெருக்கம் முடிந்த விலங்கு என்பது ஒரு காரணம். கொம்பின் அடி நன்றாக முற்றியிருப்பது இன்னொரு காரணம்.

முன்னால் போவது தடம் பார்ப்பவர். அவர் கையில் துப்பாக்கி இருக்காது. சலித்த சாம்பல் நிரப்பிய சின்னத் துணிப்பை ஒன்றுதான். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை அதைத் தட்டுவார், சாம்பல் போகிற திசையில் காற்று. காற்று நம் முதுகுப் பக்கமிருந்து அடித்தால் காலையிலிருந்து நடந்த நடை வீண். எருமையின் முதுகில் உண்ணி பொறுக்குகிற குருவிகள் எழும்பினாலும் காரியம் கெட்டது. கழுத்தில் செட்சி ஈ கடிக்கும், அடிக்க முடியாது, சத்தம் கேட்கும்.

1999 செப்டம்பரில் ஒரு நாள் தண்ணீர்க் கேன் தூக்க ஆள் இல்லை என்று என்னைக் கூட்டிப் போனார்கள். பணம் கட்டி வந்த விருந்தாளி அறுபது தப்படியில் சுட்டார். குண்டு பின்னால் தள்ளி விழுந்தது. கடா ஓடிவிட்டது. தடம் பார்ப்பவர் புல்லைக் கிள்ளி என்னிடம் காட்டினார். நுரையீரலில் பட்டிருந்தால் ரத்தம் இளஞ்சிவப்பாக நுரைத்திருக்கும். இது கறுத்த ரத்தம், கூடவே பச்சையாக அரைத்த புல். வயிற்றில் பட்டிருக்கிறது. விருந்தாளி முழங்கால் வலிக்கிறது என்று வண்டிக்குத் திரும்பிவிட்டார்.

காயம்பட்டதை விட்டுவிட்டு வரக் கூடாது. அங்கே அதற்கு மேல் விதி கிடையாது. அரை மணி நேரம் காத்திருந்து, முகாமின் தொழில்முறை வேட்டைக்காரரும் அரசாங்க வனக்காவலரும் தடம் பார்ப்பவரும் புதருக்குள் போனார்கள். அவர்கள் பின்னால் நான். அடிபட்ட காட்டெருமை வளைந்து திரும்பி வந்து, தன் தடத்துக்குப் பக்கத்திலேயே மறைந்து நிற்கும் என்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும். காய்ந்த ஓடைக்கரை, ஆள் உயரப் புல். முதலில் எனக்கு வாசனைதான் தெரிந்தது. ஈர வைக்கோலும் சாணமும் கலந்த வாசனை, எங்கள் வீட்டுத் தொழுவத்து வாசனை. அதனால் ஒரு நொடி பயமே வரவில்லை. அப்புறம் இருபது தப்படியில் புல் பிளந்தது. மூக்கைத் தூக்கிக்கொண்டு, கண்ணை எங்கள் மேல் வைத்தபடி வந்தது. கடைசி நேரத்தில்தான் தலையைக் குனியும். இரண்டு வெடி கேட்டது. எனக்கு ஏழு தப்படியில் விழுந்தது. விழுவதற்கு முன் கொம்பு நுனி தடம் பார்ப்பவரின் தொடையைக் கிழித்துவிட்டது என்பதை யாரும் உடனே கவனிக்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கடா நீளமாக ஒரு முறை முனகி அடங்கிய பிறகு, பின்பக்கமாகப் போய் நீளக் குச்சியால் அதன் கண்ணைத் தொட்டுப் பார்த்தார். இமை அசையவில்லை. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார்.

என் வாய் உலர்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. அதே சமயம் சொல்ல முடியாத ஒரு சந்தோஷம். ஒவ்வொரு இலையும் தனித்தனியாகத் தெரிந்தது. நீங்கள் கேட்கிற ‘த்ரில்’ அதுதான், அது நிஜம்.

சரி, கொலையா வீரமா? பக்கத்தில் போவதை நான் குறை சொல்ல மாட்டேன். முந்நூறு மீட்டரில் தொலைநோக்கி வைத்துச் சுட்டால் அந்த விலங்கின் மூக்குக்கும் காதுக்கும் வேலையே இல்லை. நடந்து அருகே போகும்போது பத்தில் பல முறை அது நம்மைக் கண்டுபிடித்து ஓடிவிடும். ஓட அதற்கு வாய்ப்பு இருந்தது. தவிர, பக்கத்தில் நின்று சுட்டால் குண்டு சரியான இடத்தில் பட்டு அது சீக்கிரம் சாகும். ஆகவே அருகே போவது விலங்குக்குச் செய்கிற மரியாதை என்றே நினைக்கிறேன். தென்னாப்பிரிக்காவில் பண்ணையில் பிறந்து கம்பி வேலிக்குள் வளர்ந்த சிங்கத்தை விருந்தாளிக்காகத் திறந்துவிட்டுச் சுடச் செய்வதும் உண்டு. அங்கே பத்து அடி பக்கத்தில் நின்றாலும் அதை வேட்டை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் தம்பி, அன்றைக்கு அருகே போனவர் யார்? சுட்டவர் வண்டியில் இருந்தார். நீங்கள் பார்க்கிற வீடியோவில் கொம்பைப் பிடித்துப் புகைப்படம் எடுத்துக்கொள்பவரும் அவர்தான். தன் குண்டு செய்த காரியத்தை முடிக்கப் புதருக்குள் போகாதவருக்கு அந்தச் சந்தோஷத்தில் பங்கு இல்லை என்பது என் தீர்மானம். தடம் பார்ப்பவருக்குத் தொடையில் பதினெட்டுத் தையல். அடிபட்ட நாள் வரைக்கும்தான் சம்பளம் கணக்குப் போட்டார்கள். அந்த முகாமின் பெயரை எழுத வேண்டாம் என்று விட்டுவிடுகிறேன். ஆனால் இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

“எந்தத் துப்பாக்கி வைத்துச் சுடுவார்கள்?” – வடலூர் வாசகர்

375 எச் அண்ட் எச் மேக்னம் என்ற தோட்டா போடுகிற ரைஃபிள். அந்தத் தோட்டா 1912-ல் வந்தது. பல ஆப்பிரிக்க நாடுகளில் ஆபத்தான விலங்குக்குச் சட்டம் அனுமதிக்கிற குறைந்தபட்சம் அதுதான். தொழில்முறைக்காரர்கள் அதைவிடப் பெரிய இரட்டைக்குழல் ரைஃபிள் வைத்திருப்பார்கள், இரண்டாவது குண்டு உடனே போகும் என்பதற்காக.

“காட்டு முயல் மேல் பட்ட அம்பைவிட யானையைத் தவறவிட்ட வேலே இனிது என்கிறது குறள். பெரிய விலங்கை எதிர்ப்பதை நம் முன்னோரே போற்றியிருக்கிறார்களே?” – ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நெய்வேலி

ஐயா, அந்தக் குறள் படைச்செருக்கு அதிகாரத்தில் இருக்கிறது. போர்க்களத்துப் பேச்சு. கையில் இருந்த ஒரே வேலை எறிந்து, அது பிழைத்துவிட்டால், எறிந்தவன் வெறுங்கையோடு யானைக்கு முன்னால் நிற்கிறான். பக்கத்தில் இரண்டு ரைஃபிள் காவல் நிற்க, கட்டணம் கட்டிச் சுடுகிறவருக்கு அது எப்படிப் பொருந்தும்? நான் பார்த்த இடத்தில் சாம்பல் பையோடு முன்னால் போனவருக்குத்தான் பொருந்தியது. இன்னொன்றும் தோன்றுகிறது. பிழைத்த வேல் என்றால் படாமல் போன வேல். அரைகுறையாகப் பட்டு, சீழ் பிடித்து, மூன்று நாள் புதரில் கிடந்து சாகிற விலங்கை அந்தக் குறளில் யாரும் இனிது என்று சொல்லவில்லை.

“ஜிம்பாப்வேயில் செசில் என்ற சிங்கத்தைக் கொன்றபோது உலகமே கொதித்தது. வேட்டைப் பணத்தால்தான் காடு பிழைக்கிறது என்று மறுபக்கம் சொல்கிறார்கள். எது உண்மை?” – பள்ளி ஆசிரியை, வில்லியனூர்

டீச்சர், இரண்டிலும் உண்மை இருக்கிறது. செசில் 2015 ஜூலையில் ஹ்வாங்கே பூங்காவுக்கு வெளியே அம்பால் அடிக்கப்பட்டது. ஆராய்ச்சியாளர்கள் கழுத்துப்பட்டை மாட்டியிருந்த சிங்கம். அம்பு பட்டும் உடனே சாகவில்லை, பல மணி நேரம் கழித்தே கொன்றார்கள். எனக்கு உறுத்துவது அந்த மணி நேரங்கள்தான்.

பணத்துக்கு வருவோம். கென்யா 1977-லேயே வேட்டையை மூடிவிட்டது. போட்ஸ்வானா 2014-ல் நிறுத்தி 2019-ல் திறந்தது. ஜிம்பாப்வேயிலும் நமீபியாவிலும் ஊர்க்காரர்களுக்கே வருமானத்தில் பங்கு என்று திட்டம் போட்டார்கள். சோளக்கொல்லையை யானை மிதித்தால் என்ன ஆகும் என்று நம் பக்கத்தில் காட்டுப்பன்றியிடம் மணிலாக்கொட்டையை இழந்த விவசாயியைக் கேளுங்கள், தெரியும். ஊருக்குக் காசும் கறியும் வந்தால் அந்த யானையைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் வேட்டைக் கட்டணம் ஒன்றே காட்டைக் காக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். நான் வேலை செய்த அதே செலூஸில் ஆண்டுதோறும் கட்டணம் வந்துகொண்டுதான் இருந்தது. தந்தத் திருடர்களும் வந்தார்கள். தான்சானியா முழுக்க 2009-ல் சுமார் 1,09,000 யானைகள், 2014-ல் 43,000 சொச்சம். அந்த 2014-லேயே யுனெஸ்கோ செலூஸை ஆபத்திலுள்ள பாரம்பரிய இடங்களின் பட்டியலில் சேர்த்தது. நான் அப்போது கடலூரில் இருந்தேன். அந்தச் செய்தியைப் படித்த அன்று பட்டறையைத் திறக்கவில்லை.

“வீட்டில் ஏர்கன் இருக்கிறது. ஊசுடு ஏரியில் தாரா அடிக்கலாமா?” – பெயர் வேண்டாம் என்றவர்

கூடாது. அது பறவைகள் சரணாலயம், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தண்ணீரில் தூங்குகிற பறவையைக் கரையிலிருந்து அடிப்பதற்கும் மேலே நான் எழுதியதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

“அடிபட்ட ஆள் இப்போது எப்படி இருக்கிறார்?” – பாகூர் வாசகி

(போன வாரம் பட்டறையில் என் பேச்சைக் கேட்டுவிட்டு எழுதியிருக்கிறார்.) இருக்கிறாரம்மா. இடது காலை இழுத்து நடக்கிறார். செலூஸின் பெரும்பகுதி 2019-ல் நியெரெரே தேசியப் பூங்கா ஆகிவிட்டது, அங்கே வேட்டை கிடையாது. அவர் மகன் அந்தப் பூங்காவில் காமிராக்காரர்களுக்கு வண்டி ஓட்டுகிறான். பழைய லேண்ட் குரூசர். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, வண்டியை ஸ்டார்ட் பண்ணி, இன்ஜின் பக்கத்தில் போனை வைத்தான். கிளட்சை மிதித்தால் கிரீச் என்று சத்தம், விட்டால் இல்லை. ரிலீஸ் பேரிங் போயிருக்கிறது, மாற்று என்றேன். அப்பா பின்னாலிருந்து, “நான் அப்பவே சொன்னேன்” என்று ஸ்வாஹிலியில் கத்துவது கேட்டது.