பட்டறையில் வடிவியல்: கேள்வி பதில்

கேள்வி: சட்டம் கூட்டியபின் மூலைக்கு மூலை அளந்தால் இரண்டு அளவும் பிசகாமல் ஒன்றாக இருக்கின்றன. ஆனாலும் கதவு உட்காரவில்லை. ஏன்?

பதில்: மேல் கட்டையும் கீழ்க் கட்டையும் ஒரே நீளமா என்று பாருங்கள். மேலே 596, கீழே 602 மி.மீ. இருந்து, இரு பக்கமும் ஒரே அளவு உள்ளே சாய்ந்திருந்தால்கூட மூலைவிட்டங்கள் சமமாகத்தான் வரும்.

காரணம் இது. கீழ்க் கட்டை, இடது கட்டை, ஒரு மூலைவிட்டம் சேர்ந்தால் ஒரு முக்கோணம். அதே கீழ்க் கட்டை, வலது கட்டை, அடுத்த மூலைவிட்டம் சேர்ந்தால் இன்னொன்று. மூன்று பக்கங்களும் சமம் என்பதால் கீழ் மூலைகள் இரண்டும் ஒரே கோணம். இதுவரை உங்கள் சட்டமும் தேறிவிடும். அடுத்த படிதான் சிக்கல்: பக்கக் கட்டைகள் இணையாக இருந்தால் அந்த இரண்டு கோணங்களும் சேர்ந்து 180 பாகை, ஆகவே ஒவ்வொன்றும் 90. எதிரெதிர்க் கட்டைகள் சமமாக இருந்தால்தான் அந்த இணை கிடைக்கும். அதனால் ஜோடிக் கட்டைகளைச் சேர்த்துப் பிடித்து ஒன்றாக அறுங்கள். அப்புறம் மூலை அளவை நம்பலாம்.

கேள்வி: மூலைமட்டம் (செங்கோணம் பார்க்கும் கருவி) சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: நேரான விளிம்பில் வைத்து ஒரு கோடு போடுங்கள். மட்டத்தைப் புரட்டி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் விலகினால், அந்த இடைவெளியில் பாதிதான் மட்டத்தின் பிழை. விளிம்பு வளைந்திருந்தால் இந்தச் சோதனை செல்லாது.

கேள்வி: 173 மி.மீ. அகலப் பலகையை ஐந்து சமபாகமாகப் பிரிக்க வேண்டும். வகுத்தால் 34.6 வருகிறது.

பதில்: வகுக்கவே வேண்டாம். அளவுகோலின் 0 ஒரு விளிம்பிலும் 200 மறு விளிம்பிலும் படும்படி சாய்த்து வையுங்கள். 40, 80, 120, 160-ல் புள்ளி வையுங்கள். ஒவ்வொரு புள்ளி வழியாகவும் விளிம்புக்கு இணையாகக் கோடு இழுத்தால் முடிந்தது. இணைகோடுகள் சாய்ந்த கோட்டைச் சமமாக வெட்டினால், அகலத்தையும் சமமாகவே வெட்டும். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை யாரும் பென்சிலால் குறிக்க முடியாது, இங்கே அது தேவையே இல்லை.

கேள்வி: வட்டப் பலகையின் மையம்?

பதில்: செங்கோணமான அட்டையின் மூலையை விளிம்பில் வையுங்கள். அதன் இரு ஓரங்களும் வட்டத்தை வெட்டும் புள்ளிகளைச் சேர்த்தால் அது விட்டம். மையத்திலிருந்து அந்த மூன்று புள்ளிகளுக்கும் கோடு போட்டால் இரண்டு இருசமபக்க முக்கோணங்கள். மூலையில் உள்ள 90 பாகையை அவை பங்கிட்டுக்கொள்வதால், மையத்தில் உள்ள கோணங்கள் சேர்ந்து 180 ஆகிவிடும், அதாவது நேர்கோடு. அட்டையை விளிம்பில் நகர்த்தி இன்னொரு விட்டம் போடுங்கள். இரண்டும் ஏறக்குறைய செங்குத்தாக வெட்டட்டும். குறுகிய கோணத்தில் வெட்டினால் புள்ளி எது என்றே தெரியாது.